மலை இல்லாத வன்னியிலிருந்து மலைப்பாதை அல்ட்ரா ஓடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்பவர் கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார். 21 கிலோமீற்றரை நிற்காமல் ஓடுவார். ஒரு வருடத்துக்குள் 50 கிலோமீற்றர் தூரமும் 2,500 மீற்றர் ஏற்றமும் உள்ள மலைப்பாதை அல்ட்ரா (மரதனைவிட நீண்ட ஓட்டம்) ஒன்றை முடிக்க வேண்டும். சுற்றிவர வயலும் குளமும் காடும்தான், ஏறிப் பழக ஒரு குன்றுகூட இல்லை. முடியுமா, முடியுமென்றால் எப்படிப் பழகுவது?

முடியும். ஆனால் பெரும்பாலானோர் பழகும் விதத்தில் பழகினால் முடியாது. சமதரையில் தூரத்தைக் கூட்டிக் கூட்டி 40, 45 கிலோமீற்றர் வரை ஓடிவிட்டு, "மிச்சத்தை மனவுறுதி பார்த்துக்கொள்ளும்" என்று மலைக்குப் போகிறவர்கள் அநேகமாக முப்பதாவது கிலோமீற்றருக்கு முன்பே இருந்துவிடுகிறார்கள். அவர்களை இருத்துவது ஏற்றம் அல்ல, இறக்கம். வன்னியில் இருப்பவர் தன் பயிற்சியில் முதலிடம் கொடுக்க வேண்டியதும் இறக்கத்துக்குத்தான்.

முதலில் ஓட்டத்தின் உண்மையான அளவைக் கணக்கிடுங்கள். மலைப்பாதை ஓட்டங்களை அளக்க ஒரு எளிய வாய்ப்பாடு புழக்கத்தில் இருக்கிறது: கிலோமீற்றர் தூரத்தோடு, மொத்த ஏற்றத்தை மீற்றரில் எடுத்து நூறால் வகுத்துக் கூட்ட வேண்டும். உங்கள் ஓட்டம் 50 + 25, அதாவது 75. சமதரையில் 75 கிலோமீற்றர் ஓடுவதற்கு ஒப்பான வேலை. நீங்கள் சாவகாசமாக ஓடும்போது ஒரு கிலோமீற்றருக்கு 7 நிமிடம் எடுப்பவர் என்றால் 75 × 7 = 525 நிமிடம், எட்டே முக்கால் மணித்தியாலம். முதல்முறை ஓடுபவர் இதோடு கால்பங்கு கூட்ட வேண்டும்: வேர், கல், சேறு, தண்ணீர் நிலையங்களில் நிற்பது, கடைசிப் பகுதியின் களைப்பு. கிட்டத்தட்ட 11 மணித்தியாலம் வரும். ஓட்டத்தின் நேரக்கெடு 12 மணித்தியாலமாக இருந்தால் துணிந்து பதியலாம். 10 என்றால் அந்த ஓட்டத்தை விட்டு வேறொன்றைத் தேடுங்கள். இடையிலுள்ள நிலையங்களுக்கும் தனித்தனிக் கெடு இருக்கும், அவற்றையும் பாருங்கள். முதல் பாதியில் ஏற்றம் குவிந்திருந்தால் முதல் கெடுவே மிக இறுக்கமானதாக இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நீண்ட ஏற்றத்தில் புதியவர் ஒருவர் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 500 மீற்றர் உயரம் ஏறுவார். 2,500 மீற்றருக்கு ஐந்து மணித்தியாலம். அந்த ஐந்து மணித்தியாலத்தில் ஓட்டம் என்று சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம், முழுவதும் வேக நடை. மொன்ட் பிளாங்க் மலையைச் சுற்றும் பெரிய ஓட்டத்தில் 170 கிலோமீற்றருக்கு மேலான தூரமும் ஏறக்குறைய 10,000 மீற்றர் ஏற்றமும் இருக்கின்றன. அங்கே முன்னணியில் வருகிறவர்களும் செங்குத்தான இடங்களில் கையைத் தொடையில் ஊன்றியோ கோலூன்றியோ நடக்கத்தான் செய்கிறார்கள். ஆகவே வேகமாக நடப்பதைத் தனிப் பயிற்சியாக எடுங்கள். கிழமைக்கு ஒருநாள், 4 கிலோ பாரமுள்ள முதுகுப்பையோடு, மணித்தியாலத்துக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றரை மணித்தியாலம் நடக்க வேண்டும். பார்க்க இலகுவாக இருக்கும். ஓடுபவர்களுக்கு இது முதல் மாதத்தில் இடுப்பையும் கீழ்க்காலின் முன்பக்கத்தையும் பிடித்து இழுக்கும்.

இனி இறக்கம். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து, விழும் உடலை ஒவ்வொரு அடியிலும் நிறுத்துகிறது. இப்படி நீண்டபடி உழைக்கும் தசையின் நார்களில்தான் நுண்ணிய கிழிசல்கள் அதிகம். மூச்சு வாங்காது, நாடித்துடிப்பும் ஏறாது, அதனால் எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றும். மூன்றாவது பெரிய இறக்கத்தில் தொடை நடுங்கும், முழங்கால் மடிந்தால் நிமிராது, சின்னப் படிகூட இறங்க முடியாது. அதற்குப் பிறகு ஏறவும் முடியாது, ஏனென்றால் ஏறுவதும் அதே தசையால்தான். இந்த நிலையை உணவாலோ மருந்தாலோ அந்த நாளில் சரிப்படுத்த வழியில்லை.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. இவ்வகை உழைப்பை ஒருமுறை கொடுத்துத் தசை நொந்து ஆறினால், அடுத்தமுறை அதே வேலைக்கு நோவு வெகுவாகக் குறையும். அந்தப் பாதுகாப்புச் சில கிழமைகள் நிற்கும். அதாவது மலையில் வாழத் தேவையில்லை. ஒழுங்கான இடைவெளியில் இறக்க உழைப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும், அதைக் குளக்கட்டில் கொடுக்கலாம்.

வன்னியில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு குளம் இருக்கிறது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கனகாம்பிகைக்குளம் என்று பெரியதும் சிறியதுமாக. அவற்றின் கட்டில்தான் நமக்குச் சரிவு இருக்கிறது. உங்களுக்கு அருகிலுள்ள கட்டின் உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயும் ஒரு நீண்ட தடியும் இருந்தால் அரை மணித்தியால வேலை. கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை நம்பவேண்டாம். இவ்வளவு சிறிய ஏற்ற இறக்கத்தில் அது பிழையாகவே கூட்டும். கட்டு 8 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 50 தடவை ஏறி இறங்கினால் 400 மீற்றர் ஏற்றம், 400 மீற்றர் இறக்கம். எண்ணிக்கை தவறாமலிருக்க ஒரு சட்டைப்பையில் 50 புளியங்கொட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை மற்றப் பைக்கு மாற்றுங்கள்.

முதல் கிழமை 15 சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ஏறும்போது நடை, இறங்கும்போது ஓட்டம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து பயனை இழக்கிறார்கள். இறங்கும்போது அடிகள் குறுகியவையாக, அடிக்கடி விழவேண்டும். குதிக்கால் முன்னே நீண்டு விழுந்தால் ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். முழங்காலுக்கும் தொடைக்கும் அடி. உடலைப் பின்னுக்குச் சாய்க்காமல் சரிவோடு சேர்த்து வைத்திருங்கள், கைகளைச் சற்று விரித்துச் சமநிலைக்கு விடுங்கள், கண் பாதத்தில் அல்ல, மூன்று நான்கு மீற்றர் முன்னால் இருக்கட்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் தொடை நோகும். நோவு முழுதாக விட்ட பிறகே அடுத்த தடவை. எட்டு வாரத்தில் 50 சுற்று, பிறகு 80 வரை போகலாம்.

கட்டைப் பாழாக்கவும் கூடாது. புல் பிடித்த சரிவில் ஒரே தடத்தில் நூறு தடவை ஓடினால் புல் செத்து, மாரியில் அந்த இடம் நீர் அரிக்கும் வாய்க்காலாகும். ஏற்கனவே படிக்கட்டோ மாட்டுத்தடமோ வண்டிப்பாதையோ உள்ள இடத்தைப் பாவியுங்கள், மழை நாட்களில் சரிவில் ஏறாதீர்கள். துருசுப் (தண்ணீர் திறக்கும் மதகு) பக்கத்திலும் வான் பாயும் (மிகை நீர் வழியும்) பக்கத்திலும் ஓடவே வேண்டாம். நீர்ப்பாசனத் திணைக்களத்தாரோ கமக்காரரோ வேண்டாம் என்றால் அது அவர்கள் சொல்ல வேண்டியதுதான். அந்தக் கட்டுக்குக் கீழே வயல் இருக்கிறது.

மழைக்காலத்துக்கு வீட்டிலேயே ஒரு வழி. 20 சென்ரிமீற்றர் உயரமான உறுதியான பலகைப் பெட்டி அல்லது இரண்டு சீமெந்துக் கல். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் ஒரு தடவை. 500 தடவை 100 மீற்றர். இதைவிடப் பயனுள்ளது மெதுவாக இறங்குதல்: ஒரு காலில் நின்று, மற்றக் குதிக்கால் நிலத்தைத் தொடும்வரை நான்கு எண்ணிக்கையில் இறங்கி, மேலே வருவது. ஒரு காலுக்குப் பத்து வீதம் மூன்று தடவை, கிழமையில் இரண்டு நாள். முழங்கால் உள்ளே மடியாமல் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும், கண்ணாடி முன் நின்று பாருங்கள். சுலபமானதும் ஐந்து கிலோ அரிசியை முதுகுப்பையில் போடுங்கள். மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டு உங்களுக்குக் கிடைக்குமானால் அது இவற்றையெல்லாம்விட மேல்.

முல்லைத்தீவுக் கடற்கரையின் மணலும் உதவும், ஆனால் அது கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும். இறக்கத்துக்கு அல்ல. உலர்ந்த மணலில் 40 நிமிடம் போதும். ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடினால் ஒரு முழங்காலின் வெளிப்பக்கம் பிடிக்கும், எனவே பாதியில் திரும்புங்கள். உருள்கல் கிடக்கும் கிறவல் றோட்டும் வயல் வரம்பும் பாதம் வைக்கும் இடத்தைத் தெரிவு செய்யக் கற்றுத்தரும். வெறுங்காலிலோ காலில் காயத்தோடோ சேற்று வரம்பில் ஓடாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது.

ஏழு நாளை எப்படிப் பிரிப்பது என்றால், மூன்று நாள் சாதாரண ஓட்டம், 45 முதல் 75 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். ஒருநாள் குளக்கட்டு. ஒருநாள் பாரத்தோடு நடை. சனி அல்லது ஞாயிறு நீண்ட ஓட்டம். ஒருநாள் முழு ஓய்வு. நீண்ட ஓட்டத்தைத் தூரத்தால் அல்ல, நேரத்தால் கணக்கிடுங்கள்: இரண்டு மணித்தியாலத்தில் தொடங்கி, கிழமைக்கு 15, 20 நிமிடம் கூட்டி, நான்காவது கிழமை குறைத்து, ஆறு மாதத்தில் ஐந்து மணித்தியாலத்துக்கு வரலாம். ஐந்துக்கு மேல் தேவையில்லை. அதற்குப் பதிலாகச் சனி நான்கு மணித்தியாலம், ஞாயிறு இரண்டரை மணித்தியாலம் என்று களைத்த காலோடு அடுத்தடுத்த நாட்களில் ஓடுவது மலைக்கு நெருக்கமான பயிற்சி, காயமும் குறைவு. உச்சக் கிழமைகளில் கட்டு, படி, பெட்டி எல்லாம் சேர்த்து 1,500 மீற்றர் ஏற்ற இறக்கம் சேர்த்துவிடுங்கள். ஓட்டத்துக்கு இரண்டரை வாரம் முன்பு கடைசிக் கடும் இறக்கப் பயிற்சி. அதன்பின் தசையை ஆறவிட வேண்டும்.

நேரம் என்று வரும்போது வன்னியில் ஒரு சிக்கல் இருக்கிறது. சோளகக் காற்று (தென்மேல் பருவக்காற்று) அடிக்கும் மாதங்களில் காலை எட்டரை மணிக்குப் பிறகு வெக்கையில் நீண்ட ஓட்டம் ஆபத்து. அதனால் எல்லோரும் நான்கு மணிக்கு இருட்டோடு கிளம்பச் சொல்வார்கள். ஆனால் காட்டோரப் பாதைகளில் யானை நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். ஒட்டுசுட்டான், மாங்குளம், நெடுங்கேணிப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருட்டில் ஓடுவதானால் வீடுகளும் வெளிச்சமும் உள்ள உள்றோட்டில் சிறு சுற்றாக ஓடுங்கள், காட்டோரத்துக்கு நன்றாக விடிந்த பிறகு, துணையோடு, காதில் பாட்டு இல்லாமல் போங்கள். ஏ-9 வீதியில் இருட்டில் ஓடவேண்டாம்.

மிதிவெடி பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலைப்பாதைக்குப் பழகுபவருக்குப் புதிய ஒற்றையடிப் பாதைகளைத் தேடும் ஆசை வரும். முகமாலை போன்ற இடங்களில் வெடி அகற்றல் ஆண்டுக்கணக்காக நடந்துவந்திருக்கிறது. மக்கள் நாளாந்தம் பாவிக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள், சிவப்புப் பலகையைத் தாண்டாதீர்கள், மாரி வெள்ளம் அரித்த இடங்களில் புதிதாக ஏதும் தெரிந்தால் தொடாதீர்கள். தவறி உள்ளே போய்விட்டதாகத் தோன்றினால் நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். இங்கே புதுப்பாதை தேடி ஓடுவது பயிற்சியின் பகுதி அல்ல.

பயிற்சி தொடங்குமுன் ஒரு பரிசோதனை கட்டாயம். இரத்த அழுத்தம், ஈசிஜி, இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு), சிறுநீரில் புரதம். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா உட்பட உலர்வலயத்தின் பல பகுதிகளில் இருக்கிறது. தொடக்கத்தில் அறிகுறியே காட்டாது. வெக்கையில் உடல்நீர் குறைவதும், தசை நார் உடைந்து இரத்தத்தில் கலப்பதும் சிறுநீரகத்துக்குப் பெரும் சுமை. அதோடு நோவுக்கு டைக்குளோபெனாக், இபுபுரோபன் போட்டுக்கொண்டு ஓடுவது மிகக் கெட்ட பழக்கம். இந்த மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன, ஏற்கனவே குறைந்திருக்கும் வேளையில். ஓட்டத்துக்கு முந்தின நாளும் ஓட்ட நாளும் இவற்றைத் தொடாதீர்கள். கிரியேட்டினின் கூடியிருந்தால் வைத்தியர் சரியென்று சொல்லும்வரை அல்ட்ரா வேண்டாம்.

நாம் மலையை விட்டு வெகுதூரமும் இல்லை. வாசலால் போகும் ஏ-9 இன் மறுமுனை கண்டிதான். ஓட்டத்துக்கு முன் குறைந்தது இரண்டு தடவை மலைக்குப் போய் வாருங்கள்: ஒன்று எட்டு வாரம் முன்பு, மற்றது மூன்று நான்கு வாரம் முன்பு. ஹற்றன் வழியாக நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை நல்ல தேர்வு. 2,243 மீற்றர் உயரச் சிகரம், 5,000 க்கு மேற்பட்ட படிகள், ஒரே இரவில் ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் ஏறி இறங்கலாம். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி வெசாக் வரை யாத்திரைக் காலம். அப்போது வெளிச்சமும் தேநீர்க்கடையும் ஆட்களும் உண்டு. அடியார்கள் ஏறும் மலை அது. ஓடி இடிக்காமல், வேக நடையில் ஏறி, நிதானமாக இறங்குங்கள், பயிற்சிப் பயன் குறையாது. மற்றக் காலத்தில் மழை, காற்று, இருட்டு, தனியே போகாதீர்கள்.

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களூடாகப் போகும் பெக்கோ ட்ரெயில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர், 22 பகுதிகள். ஒரு பகுதியை எடுத்துப் போய்த் திரும்பினால் நீண்ட ஓட்டத்துக்கு அளவாக இருக்கும். தோட்டத்து லயன்களில் தண்ணீரையும் வழியையும் தமிழிலேயே கேட்கலாம். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் நிறைய. அயலில் விசாரித்தால் தங்குவதற்கு உறவு வீடு ஒன்று அகப்படவும் கூடும். மழைக்குப் பின் மண்சரிவால் பாதை மூடியிருக்கிறதா என்று போகுமுன் கேட்டறியுங்கள்.

உணவுக்கு வருவோம். மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும். உடலில் சேர்த்துவைத்த மாச்சத்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தேய்ந்துவிடும். அதன்பின் வெளியிலிருந்து வராவிட்டால் கால் மட்டுமல்ல, தலையும் வேலை செய்யாது. 60 கிராமைக் குடல் முதல்நாளே ஏற்காது. நீண்ட ஓட்டங்களில் 30 கிராமில் தொடங்கி, எட்டு வாரத்தில் 60க்குக் கொண்டுவாருங்கள்.

விலைகூடிய ஜெல் தேவையில்லை. ஒரு லீற்றர் தண்ணீர், மட்டமாக ஐந்து மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். இதில் ஏறக்குறைய 60 கிராம் சீனியும் 600 மில்லிகிராம் சோடியமும் இருக்கின்றன. சாதாரண சீனி பாதி குளுக்கோசும் பாதி பிரக்டோசுமாகப் பிரிகிறது. குடல் இரண்டையும் வேறுவேறு வாயிலால் உறிஞ்சுவதால், தனிக் குளுக்கோசைவிட இதுவே நல்லது. இன்னும் கூடுதலாகக் கரைத்தால் வயிற்றில் தேங்கிக் குமட்டும்.

மெல்லுவதற்குக் கதலி வாழைப்பழம் (ஒன்றில் 20 கிராம் அளவில்), பனங்கட்டி (கிட்டத்தட்ட முழுவதும் மாச்சத்து, சிறு துண்டுகளாகப் பொலித்தீனில்), உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, பிசைந்து உருட்டிய சோறு (100 கிராமில் 28 கிராம்). தேங்காய்ப்பூ குறைத்து அவித்த கொழுக்கட்டை மெதுவாகப் போகும் பகுதிகளுக்கு நல்லது. புழுக்கொடியல், கடலை, பயறு, வறுத்த பண்டங்கள் வேண்டாம். நாரும் எண்ணெயும் ஓடும் வயிற்றில் நிற்காது. ஆறு மணித்தியாலத்துக்குப் பின் இனிப்பைக் கண்டாலே வெறுக்கும். அது எல்லோருக்கும் வருவது, ஆகவே பையில் பாதி உப்புச் சுவையாக இருக்கட்டும். நிலையத்தில் உப்புக்கஞ்சியோ சூப்போ கிடைத்தால் விடாதீர்கள்.

தண்ணீரின் அளவை ஊகிக்காமல் அளவிடுங்கள். ஓடுமுன் உடை குறைத்து நிறை பாருங்கள், ஒரு மணித்தியாலம் ஓடித் துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். 0.7 கிலோ குறைந்து, இடையில் அரை லீற்றர் குடித்திருந்தால் வியர்வை 1.2 லீற்றர். அது வன்னி வெக்கையின் கணக்கு. மலைக் குளிரில் பாதியாகலாம். இங்கே பழகிய அளவையே அங்கேயும் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். விரல் வீங்கும், மோதிரமும் கடிகாரப் பட்டியும் இறுகும், தலையிடி, வாந்தி, பிறகு குழப்பம், வலிப்பு. நிறை குறையாமல் கூடியிருப்பது இதன் அடையாளம். இந்த நிலையில் உள்ளவருக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது உயிருக்கு ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்) பக்கெற் இரண்டு பையில் இருக்கட்டும், ஆனால் அது வயிற்றோட்டம், வாந்திக்கு. சீனி குறைவு என்பதால் ஓடுவதற்கான சக்தி அதில் போதாது.

வெக்கையில் பழகியது நமக்குப் பலம். இரண்டு வார வெக்கைப் பயிற்சியிலேயே இரத்த நீர் கூடும், வியர்வை முந்தித் தொடங்கும். குளிர்தான் நம் பலவீனம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறைகிறது. கிளிநொச்சியில் 30 பாகை என்றால் 2,000 மீற்றரில் 17, மழையும் காற்றும் சேர்ந்தால் உடல் உணர்வது அதைவிடக் குறைவு. களைத்து நடக்கத் தொடங்கியதும் உடல் சூடு உண்டாக்குவது வெகுவாகக் குறைந்துவிடும், நனைந்த சட்டை மிச்சத்தை இழுத்துவிடும். விரல் மரத்துப் பையின் சிப்பைத் திறக்க முடியாமல் போனால் ஏற்கனவே பிந்திவிட்டீர்கள். தொப்பியுள்ள, தையல் ஒட்டிய உண்மையான மழை ஜக்கெற் ஒன்றில் பணம் செலவழியுங்கள். மற்ற எதிலும் மிச்சம் பிடிக்கலாம், இதில் வேண்டாம். குளிர்வதற்கு முன்பே போடுங்கள். நீண்ட கைச் சட்டை ஒன்று பொலித்தீனில் சுற்றி, வெள்ளித்தாள் போர்வை, விசில், மேலதிக பற்றரியோடு தலை லைற், 6 சென்ரிமீற்றர் அகல இழுபடும் பன்டேஜ். பெரும்பாலான மலை ஓட்டங்கள் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கும்.

சப்பாத்துக்கு அதிகம் சொல்ல இல்லை. அடியில் 4, 5 மில்லிமீற்றர் பற்கள், விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகல இடம். இறக்கத்தில் கால் முன்னுக்குச் சறுக்கி நகம் கறுக்காமலிருக்கக் கடைசித் துளையில் கயிற்றை வளையமாக்கிக் குதிக்காலை இறுக்குங்கள். நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டுங்கள். வசிலின் விரலிடுக்கிலும் தொடையிடுக்கிலும். ஈரமான சொக்ஸைப் பாதியில் மாற்றுங்கள். அட்டைக்குச் சவர்க்காரத்தைச் சொக்ஸின் வெளியே பூசலாம். கடித்தால் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை வழித்துத் தள்ளுங்கள். இரத்தம் கொஞ்சம் அதிகநேரம் வடியும், பயப்பட ஒன்றுமில்லை.

ஓட்ட நாளில் முதல் இரண்டு மணித்தியாலம் எல்லோரும் உங்களைக் கடந்து போகட்டும். ஏற்றத்தில் முழு வசனம் பேச முடியாவிட்டால் வேகம் கூட. முதல் இறக்கம் மிக இனிமையாக இருக்கும். கால் புதிது, காற்றுக் குளிர், உடல் தானாக உருளும். அங்கே மீதப்படுத்தும் பத்து நிமிடத்துக்குக் கடைசி இறக்கத்தில் ஒரு மணித்தியாலம் கொடுக்க வேண்டிவரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒலிக்க விட்டு, பசியைப் பார்க்காமல் சாப்பிடுங்கள். நிலையத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம், கதிரை கிடைத்தாலும்.

குமட்டினால் பெரும்பாலும் வேகம் அல்லது கரைசலின் செறிவுதான் காரணம். 15 நிமிடம் நடந்து, மிடறு மிடறாகப் பச்சைத்தண்ணீரும் ஒரு துண்டு இஞ்சியும் எடுத்து, பிறகு சிறிது உப்புணவு. கெண்டை பிடித்தால் இழுத்துப் பிடித்துச் சில நிமிடம் நின்று, மெதுவாகத் தொடருங்கள். சுளுக்கிய கணுக்காலில் நான்கு அடி வைக்க முடியாவிட்டால் ஓட்டத்தை நிறுத்துங்கள். கூட ஓடுபவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசி, தோல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. கிடைக்கும் தண்ணீர் முழுவதையும் உடம்பில் ஊற்றி, விசிறிக் குளிரவைத்த பிறகே தூக்குங்கள். இலவச அம்புலன்சுக்கு 1990. நெஞ்சு நோவு, நிற்காத வாந்தி, தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர், இவற்றில் எது வந்தாலும் மேலே ஓடாதீர்கள், நேரே வைத்தியசாலை.

முடித்த அன்று அரை மணித்தியாலத்துக்குள் சோறும் மீனும் அல்லது முட்டையும், பிறகு உப்புள்ள எதுவும். ஒடியல் கூழுக்கு அடுத்தநாள்வரை பொறுத்திருங்கள். சிறுநீரின் நிறத்தை இரண்டு நாளைக்குக் கவனியுங்கள். திரும்பி வரும் பஸ் பயணம் நீண்டது. வீங்கிய காலோடு கண்டியிலிருந்து கிளிநொச்சிவரை ஒரே இருக்கையில் மடங்கியிருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. தம்புள்ளையிலும் வவுனியாவிலும் இறங்கி நடவுங்கள், இருக்கையில் கணுக்காலைச் சுழற்றிக்கொண்டிருங்கள், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். பத்து நாள் ஓட்டமே வேண்டாம். குளக்கட்டுக்குத் திரும்ப நான்கு வாரம் போகட்டும்.